தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 – ஜூலை 6, 1827) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த படைத்துறை அதிகாரியும், சென்னை மாகாணத்தின் ஆளுநரும் ஆவார். நிலவரியை ஜமீன்தார்கள் வழியாகப் பெறாமல் உழவர்களிடமே நேரடியாகப் பெறும் இரயத்துவாரி முறையைத் தென்னிந்தியாவில் நிலைபெறச் செய்தவராக அறியப்படுகிறார்.

இளமை

மன்றோ கிளாஸ்கோ நகரில் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கல்வி பயின்றார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ வர்ஜீனியாவுடன் புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வணிகம் நொடித்தது. மன்றோ 1780 ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார். ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருக்கு எதிரான போர்களில் பங்கேற்றார்.

பாராமகால்

1792 இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி கம்பெனியின் வசமானது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் ஊர்களை உள்ளடக்கிய இப்பகுதிக்குக் கிழக்கே ஜவ்வாது மலை எல்லையாக அமைந்துள்ளது. இதனை நிருவகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருடைய உதவியாளர்களாக மன்றோ, கிரகாம், மெக்ளியோட் ஆகியோர் அனுப்பப்பட்டனர். நால்வருமே படைத்துறையினர்.

ஊர் முழுவதற்கும் ஒரே தொகையாக வரி விதித்தால், ஊரில் செல்வாக்குடையோர் தம் பங்கை எளிய உழவர் மீது சுமத்த வழியுண்டு. எனவே வயல் வயலாக நிலம் அளக்கப்பட்டு, நன்செய், புன்செய் எனத் தரம் பிரித்து, உழவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரி குறிக்கப்பட்டது. இம்முறையைத் தொடங்கியவர் ரீடே. மன்றோ அதனை அவரிடம் கற்றவர். எனினும் பிற்காலத்தில் முறை மன்றோவின் பெயராலேயே வழங்கலாயிற்று.

ஆனால் பாராமகாலில் இம்முறை அப்போது நிலைக்கவில்லை. 1802 முதல் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. மிட்டாதார்கள் பலர் நிலுவையைச் செலுத்த இயலாமற்போகவே, பல மிட்டாக்கள் மீண்டும் அரசின் கைக்கே வந்தன.

வரிக்குறைப்பு

1800 முதல் 1807 வரை மன்றோ கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளின் முதன்மை ஆட்சியராக இருந்தார். அங்கு வரி மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காட்டை எட்டியது. இது தாங்கவொண்ணாதது எனக் கருதிய அவர், நான்கில் ஒரு பங்கைக் குறைத்து விளைச்சலில் மூன்றில் ஒன்றாக நிருணயிக்க 1807 இல் பரிந்துரைத்தார். அவர் விடுப்பில் இங்கிலாந்து சென்ற பின், வருவாய் வாரியம் ஊர்க்குத்தகை முறையைப் புகுத்தியது. அம்முறை தோல்வியுற்றது. 1820 இல் மன்றோ ஆளுநரான பின்னரே இரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாயிற்று. வரிக்குறைப்பும் அப்போதே நடைமுறைக்கு வந்தது. குறைக்கப்பட்ட பின்னும் மூன்றில் ஒரு பங்கு என்பது சிறு உழவருக்குப் பெருஞ்சுமையே. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் வரியைத் தள்ளுபடி செய்வது அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தது.

ஆண்டுதோறும் வரிக்கணக்கை முடிக்கும் ஜமாபந்தி இம்முறையின் முக்கிய அங்கமாகும். அப்பெயரில் வட்டாட்சியர் அலுவலகங்களில் இன்றும் கணக்குத் தணிக்கை நடைபெறுகிறது.

மறைவு

பதவி முடிந்து தாயகம் திரும்புமுன், தாம் பணியாற்றிய மாவட்டங்களைக் காணச் சென்ற மன்றோ, பத்திகொண்டா என்னும் ஊரில் காலராவால் இறந்தார். முதலில் குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், 1831 இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்திற்கு மாற்றப்பட்டது. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த அவரது குதிரைச்சிலை 1839 இல் சென்னை தீவுத்திடலருகே நிறுவப்பட்டது. அதில் சேணமோ அங்கவடியோ இல்லை.