தாமஸ் பெண்டன் கூலி: தலசீமியாவை இனங்கண்ட குழந்தைகள் மருத்துவர்

தலசீமியா மேஜர் நோய்க்குக் கூலி இரத்தசோகை என்னும் பெயரும் உண்டு. மருத்துவ அறிக்கையில் அப்பெயரைக் கண்ட பெற்றோர் சிலர், கூலி வேலை செய்வோர்க்கு வரும் நோயா இது என்று என்னிடம் வினவியதுண்டு. அது ஒரு மருத்துவரின் பெயர்.

தாமஸ் பெண்டன் கூலி 1871ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆன் ஆர்பர் நகரில் பிறந்தார். தந்தை அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சட்ட அறிஞர். மகனோ மருத்துவம் பயின்று 1895இல் பட்டம் பெற்றார். 1905இல் டெட்ராய்ட் நகருக்குச் சென்று, குழந்தைகள் மருத்துவத்தையே தம் தொழிலாகக் கொண்டார். முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் பிரான்சு நாட்டுக் குழந்தைகளுக்காகப் பணியாற்றினார். 1921 முதல் இருபது ஆண்டுகள் மிச்சிகன் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தை மருத்துவப் பிரிவுக்குத் தலைமை வகித்தார்.

அக்காலத்தில் இரத்தசோகையும் மண்ணீரல் வீக்கமும் உள்ள குழந்தைகள் யாவரும் ஒரே நோய்ப்பெயரின் கீழ் அடக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு சிலர் தனித்து நிற்பதைக் கூலி கவனித்தார். மண்டையோடும் முக எலும்புகளும் தடித்திருந்தன. தோல் நிறம் மாறியிருந்தது. பெற்றோர் பெரும்பாலும் இத்தாலி, கிரேக்க நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். பேர்ல் லீ என்னும் மருத்துவருடன் இணைந்து 1925இல் இதனைத் தனி நோயாக அறிவித்தார். ஆயினும் அவர் கையில் மருந்து இல்லை. நோயைப் பெயரிட்டுச் சொல்ல முடிந்த மருத்துவரால் அக்குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. 1945இல் அவர் காலமானார்.

1930களில் விப்பிள், பிராட்போர்டு ஆகிய இருவர், இந்நோயால் இறந்த குழந்தைகளின் உள்ளுறுப்புகளில் இரும்பு படிந்திருப்பதை விவரித்தனர். பிற்காலத்தில் முறையான இரத்தமேற்றம் குழந்தைகளின் ஆயுளை நீட்டித்தபோது அவ்விரும்பே பெரும் இடராயிற்று. ஒரு யூனிட் இரத்தத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளது. உடலோ நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே வெளியேற்றும்; மிகுதியைத் தானாக நீக்கும் வழி அதற்கு இல்லை. எஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் தங்குகிறது.

கூலி மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1981 டிசம்பரில், அமெரிக்காவின் சியாட்டிலிலும் இத்தாலியின் பெசாரோவிலும் தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டது. சியாட்டிலில் சிகிச்சை பெற்றது ஒன்றரை வயதும் நிரம்பாத, இரத்தம் அதிகம் ஏற்றப்பெறாத குழந்தை, அது குணமடைந்தது. பெசாரோவில் சிகிச்சை பெற்றவர் பலமுறை இரத்தம் ஏற்றப்பெற்ற சிறுவர். அவருக்கு நோய் திரும்பியது. ஒரு நோயாளியைக் கொண்டு முடிவு கூற இயலாதுதான். எனினும் பெசாரோ மருத்துவர்கள் பல நோயாளிகளை ஆராய்ந்து, கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுக்காமை ஆகிய மூன்றும் சேர்ந்தவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைவு எனக் கண்டறிந்தனர்.

ஆகவேதான் மாற்றுச் சிகிச்சைக்கு முன் ஃபெரிட்டின் அளவும், தேவைப்படின் எம்ஆர்ஐ வழியே கல்லீரல், இதய இரும்பளவும் பார்க்கப்படுகின்றன. நோய்த்தொற்றின்போதும் ஃபெரிட்டின் உயரும் என்பதால் ஒரு முறை கண்ட எண்ணைக் கொண்டு அஞ்சவேண்டா.

புதிய குருத்தணுக்கள் நன்கு வேரூன்றிய பின்னரும் பழைய இரும்பு உடலிலேயே இருக்கும். இரத்தமேற்றம் நின்றுவிட்டது, இனி மருந்தெதற்கு என்று கண்காணிப்பைக் கைவிடும் குடும்பங்கள் உண்டு. கல்லீரல் பாதிப்பு தொடர்வதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது. ஹீமோகுளோபின் நிலைபெற்ற பின்னர், மருத்துவர் குறிக்கும் இடைவெளிகளில் சிறிதளவு இரத்தத்தை எடுத்தோ மாத்திரை கொடுத்தோ அவ்விரும்பு நீக்கப்படும். இதற்குப் பல மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகளும் ஆகலாம். இதுவரை ஏற்றப்பெற்ற இரத்த யூனிட்டுகளின் எண்ணிக்கையைக் குறித்து வைத்த ஏடு இருப்பின், சிகிச்சை முடிந்த பின்னரும் அதனை ஒவ்வொரு வருகையின்போதும் கொண்டு வாருங்கள்.