கணக்கில் பிறந்த கல்விக்கொடை: வள்ளல் பச்சையப்பர்

மாமல்லபுரக் கரையோரச் சிற்றூர்களிலிருந்தும் செங்கற்பட்டைச் சூழ்ந்த ஏரிக்கரைக் கிராமங்களிலிருந்தும் பேருந்தேறி வந்து, பற்று, வரவு என்று பாடம் தொடங்கும் வணிகவியல் மாணவர் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. எண்களை இடமும் வலமும் எழுதிக் கூட்டுவதில் என்ன உயர்வு இருக்கிறது? இதற்கு விடையாக ஒரு வாழ்வு இருக்கிறது. அதுவே வள்ளல் பச்சையப்ப முதலியாரின் வாழ்வு.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததும், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளதுமான பெரியபாளையத்தில், 1754-ஆம் ஆண்டு பச்சையப்பர் பிறந்தார். தந்தையின் முகத்தைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவர் பிறக்கும் முன்னரே தந்தை மறைந்துவிட்டார். ஆதரவற்ற அன்னை பூச்சியம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் சென்னையில் புகலிடம் தந்தவர் நாராயண பிள்ளை என்னும் துபாஷி. அவரது அரவணைப்பில் பச்சையப்பர் ஆங்கிலமும் கணக்கும் கற்றுத் தேர்ந்தார்.

துபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். வெள்ளையரின் வணிகத்துக்குத் தரகர், பொருள் வாங்குபவர், கடன் ஏற்பாடு செய்பவர், கணக்கைக் காப்பவர் எல்லாம் அவரே. இளமையிலேயே இத்தொழிலில் இறங்கிய பச்சையப்பர் விரைவில் பெரும்பொருள் ஈட்டினார். தஞ்சை மன்னர் கும்பினிக்குச் செலுத்த வேண்டியிருந்த தொகைகளுக்குக் கடன் கொடுத்தும் அவர் செல்வம் வளர்ந்தது. அக்கடனுக்கும் வட்டிக்கும் ஈடு, உழவன் செலுத்திய வரியே. ஆகவே அச்செல்வத்தில் உழவனின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பேரேட்டில் வரவை மட்டும் காட்டிப் பற்றை மறைப்பது முறையாகாது அன்றோ!

அவருடைய பெருமை, ஈட்டியதைத் தமக்கென்றே வைத்துக்கொள்ளாததில் இருக்கிறது. கோயில் திருப்பணிகளுக்கும் அன்னதானத்துக்கும் வாரி வழங்கினார். நோயுற்ற நிலையில், 1794 மார்ச் 22-ஆம் நாள் உயில் எழுதித் தம் செல்வத்தை அறத்துக்கு ஒதுக்கினார். அம்மாதம் 31-ஆம் நாள் திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

ஆனால் அறம் உடனே நடந்ததா? இல்லை. உரிமைப் பூசலும் வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. கொடுத்தவர் மறைந்தபின் கணக்குக் கேட்பார் இல்லாவிடில் எவ்வளவு பெரிய கொடையும் கரைந்துபோகும். இறுதியில் வழக்கு சென்னை உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. முதல் எவ்வளவு, சேர்ந்த வட்டி எவ்வளவு, கோயில் அறங்களுக்கு வேண்டியது எவ்வளவு என்று வரையறுத்தபின் ஒரு பெருந்தொகை எஞ்சியது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியால் அந்த மிகுதி கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842 ஜனவரி 1-ஆம் நாள், சென்னையில் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. வள்ளல் மறைந்து ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன! அப்பள்ளி 1889-இல் கல்லூரியாக உயர்ந்தது. நமக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரத்திலும் 1947-இல் அவர் பெயரால் ஒரு கல்லூரி எழுந்தது.

வணிகவியல் மாணவர் மகிழத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. 1886-இல் சென்னையில் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர்கள் பச்சையப்பர் அறக்கட்டளையினரே. இந்தியாவில் வணிகக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் அப்பள்ளியிலிருந்தே தொடங்குவர். கணக்கால் மீட்கப்பட்ட பணம் கணக்கையே கற்பிக்கத் திரும்பி வந்தது!

முதலாண்டில் நாம் கற்கும் இரட்டைப் பதிவு முறை, பெற்றதற்கும் கொடுத்ததற்கும் விடை சொல்லப் பழக்குகிறது. தணிக்கை, பிறர் பொருளைக் காப்பவனைக் கேள்வி கேட்கிறது. இறுதியாண்டில் வரும் வரிவிதிப்பும் அவ்வழியதே. 1961-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் அறநிலையங்களுக்கு வரிவிலக்குத் தந்தபோது, வருமானம் அறத்துக்கே செலவாக வேண்டும், கணக்கு தணிக்கையாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பச்சையப்பர் உயில் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு அந்த நிபந்தனையின் அருமை புரியும்.

கொடுப்பதற்கு நெஞ்சம் வேண்டும். கொடுத்தது உரியவரைச் சேர்வதற்குக் கணக்கு வேண்டும். நாளை நம்முள் சிலர் வங்கியிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், ஊர்க்கோயிலிலும் பிறர் பணத்துக்குக் காவலராக அமரக்கூடும். அன்று பேரேட்டைத் திறக்கும்போது, தந்தை முகம் காணாத அந்தப் பெரியபாளையத்துப் பிள்ளையை ஒருகணம் நினைத்துக்கொள்வோமாக!