கே. இராமானுஜம் (ஓவியர்)

கே. இராமானுஜம் (1941 – 1973) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓவியர். சென்னை ஓவிய இயக்கத்தினருள் தனித்துக் குறிப்பிடப்படுபவர். மனச்சிதைவு நோயுடன் (ஸ்கிசோஃப்ரினியா) வாழ்ந்தபடியே ஓவியம் வரைந்தவர். கணித மேதை சீனிவாச இராமானுசன் வேறொருவர்.

வாழ்க்கை

இராமானுஜம் சென்னையில் பிறந்தார். பிறந்த ஆண்டை 1940 எனக் குறிப்போரும் உளர். குள்ளமான உருவமும் திக்கும் பேச்சும் உடையவராதலால் பிறரது ஏளனத்துக்கு ஆளானார். பள்ளிப் படிப்பில் செல்லாத நாட்டம் அம்புலிமாமா போன்ற இதழ்களின் படங்களில் சென்றது. பின்னர் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்றார். அதன் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் இவரது திறனை உணர்ந்து ஆதரித்தார்.

1966 இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். இது சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. ஓவியர்கள் பத்திக் முதலிய கைவினைப் பொருட்களை விற்று ஈட்டிய பணத்தில் வாங்கிய நிலம் அது. இராமானுஜமும் அங்கு வாழ்ந்தார். பேச்சால் பழக இயலாத ஒருவருக்கு, பேசாமலேயே மதிப்புப் பெறக்கூடிய சூழலாக அக்கிராமம் அமைந்தது எனலாம்.

ஓவியங்கள்

பெரும்பாலானவை தாளில் மையால் வரையப்பட்டவை. மாடமாளிகைகள், வளைவு வாயில்கள், பாம்புகள், பறக்கும் உருவங்கள், அணிகலன் பூண்ட பெண்கள் ஆகியவை மிக நுண்ணிய கோடுகளால் நிறைக்கப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே தொப்பி அணிந்த சிறு மனிதராக ஓவியரே பலமுறை தோன்றுகிறார். தெருவில் கிட்டாத வரவேற்பு அவருக்கு அந்த அரண்மனைகளில் கிட்டுகிறது.

இவ்வோவியங்களை நோயின் வெளிப்பாடாக மட்டும் காண்பது பொருத்தமன்று. மனச்சிதைவு நோய் கவனத்தையும் ஊக்கத்தையும் குலைப்பது. ஆயிரக்கணக்கான கோடுகளைத் தவறாது இழைப்பதற்கோ நெடிய பொறுமையும் பயிற்சியும் வேண்டும். எனவே இவை நோயினால் விளைந்தவை என்பதைவிட, நோயை மீறி ஆக்கப்பட்டவை என்பதே சரி.

மறைவு

1973 இல் இராமானுஜம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். நண்பர்களும் தொழிலும் இருந்தும் நோயின் சுமை நீங்கவில்லை. மனச்சிதைவு நோயாளரின் மறுவாழ்வுக்காக மருத்துவர் சாரதா மேனன் முதலியோர் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியது, அதற்குப் 11 ஆண்டுகள் கழித்து, 1984 இல்தான்.

இவருடைய ஓவியங்கள் சிலவற்றைச் சோழமண்டலத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் காணலாம்.