தொழிலாளர் தோழர் திரு.வி.க.

தமிழ்த்தென்றல் என்று தமிழுலகம் போற்றும் திரு.வி.கலியாணசுந்தரனாரைச் செந்தமிழ் உரைநடைக்கு வழிகாட்டிய புலவராக அறிந்தோர் பலர். ஆலைத் தொழிலாளரின் துயர் துடைக்க வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட தலைவராக அவரை அறிந்தோர் இன்று குறைந்து வருகின்றனர். அவர்தம் தொண்டையும், அத்தொண்டிற்கு அடியில் மறைந்து கிடந்த இல்லற வாழ்வையும் சேர்த்து நோக்கினால்தான் அப்பெருமகனாரின் முழு உருவம் புலப்படும்.

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். முன்னோர் திருவாரூரினர். அவ்வூர்ப் பெயரும் தந்தையார் பெயரும் முன்னெழுத்துகளாக அமைந்தமையாலேயே அவர் திரு.வி.க. ஆனார். சென்னை இராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளியில் பயின்றபோது நோயுற்றுப் படிப்பு இடையறவு பட்டது. மீண்டும் பள்ளி சேர்ந்தவருக்கு யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை ஆசிரியராக வாய்த்தார். அவர்தம் தமிழ்ப்புலமை மாணவரை முழுமையாக ஆட்கொண்டது. ஆசிரியர் மீது தொடரப்பட்ட வழக்கில் சான்று கூற நீதிமன்றம் செல்ல நேர்ந்தமையால் பள்ளி இறுதித் தேர்வை எழுதும் வாய்ப்பை இழந்தார். எனினும், இழந்தது தேர்வையே; கல்வியை அன்று. தனியே கற்று, பள்ளியாசிரியராகவும் பின்னர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராகவும் உயர்ந்தார். இடையில் ஸ்பென்சர் நிறுவனத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து, நாட்டுப்பற்றின் காரணமாக அப்பணியினின்றும் நீங்கினார். 1917இல் ஆசிரியப் பணியைத் துறந்து தேசபக்தன் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

1912இல் அவர் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். அன்பினால் பிணைந்த அவ்வில்லறம் ஆறே ஆண்டுகள் நிலைத்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பிறந்த குழந்தைகள் இருவரும் இளமையிலேயே மறைந்தனர். என்புருக்கி நோய்க்கு ஆளான அம்மையாரும் 1918இல் காலமானார். அப்போது திரு.வி.க.வுக்கு வயது முப்பத்தைந்து. மறுமணம் செய்துகொள்வது அக்காலத்து ஆடவர்க்கு மிக எளிய செயல். அவரோ அதனை நாடவில்லை. தமையனார் உலகநாத முதலியார் குடும்பமே அவர் குடும்பமாயிற்று.

துயர் சூழ்ந்த அதே 1918ஆம் ஆண்டுதான் அவரைத் தொழிலாளர் உலகிற்கு அழைத்தது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பெயருடைய இரண்டு பெரிய பஞ்சாலைகளைப் பின்னி நிறுவனத்தார் நடத்தி வந்தனர். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, நண்பகல் உணவை அமைதியாக உண்ணவும் போதாத இடைவேளை, மேற்பார்வையாளரின் கடுமை ஆகியவற்றால் தொழிலாளர் நலிந்தனர். அவர்தம் குறைகளைக் கேட்டு மனம் இளகிய செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் முன்னின்று முயன்றனர். அம்முயற்சியின் பயனாக 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஒழுங்காக அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவிலேயே முதலாவதாக அதனைக் குறிப்பிடுவர். பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். வாடியா தமிழறியாதவர், தொழிலாளரோ ஆங்கிலம் அறியாதவர். உரிமை, கடமை, ஒற்றுமை என்னும் கருத்துகளை எழுத்தறியாத தொழிலாளியும் உணருமாறு தூய எளிய தமிழில் எடுத்துரைத்த திரு.வி.க.வின் பேச்சு, சங்கத்திற்கு உயிர் ஊட்டியது.

அந்நாளில் தொழிற்சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. பின்னி நிறுவனத்தார் உயர்நீதிமன்றத்தில் சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றனர். வாடியா சங்கத்தினின்றும் விலக நேர்ந்தது. சங்கம் அமைப்பதே குற்றமோ என்னும் ஐயத்தை எழுப்பிய இவ்வழக்கே, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்குத் தூண்டுதலாக அமைந்த நிகழ்ச்சிகளுள் ஒன்று.

1921இல் மூண்ட வேலைநிறுத்தம் அவர் வாழ்வின் கடும் சோதனை. திங்கள் பல கடந்தும் ஆலைக் கதவுகள் தொழிலாளர்க்கு இணக்கமாகத் திறக்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குத் திரும்ப, ஒன்றாய் உழைத்தோர் சாதியால் பிளவுற்றனர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தொழிலாளர் ஒரே குலத்தினர் என்று இடையறாது கூறிவந்தவருக்கு முதலாளிகளின் பிடிவாதத்தினும் இப்பிளவே மிகுந்த வேதனை தந்தது. ஆளுநர் வில்லிங்டன் பிரபு தலைவர்களை அழைத்து நாடுகடத்தப் போவதாக அச்சுறுத்தினார். அவ்வேளையில் அதனைத் தடுக்க முயன்றவர் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர். அக்கட்சியை நாள்தோறும் தம் எழுத்தால் கண்டித்தவர் திரு.வி.க. என்பது நினைக்கத்தக்கது. வேலைநிறுத்தம் அவ்வாண்டு அக்டோபரில் வெற்றியின்றி முடிந்தது. தோல்வி கண்டு அவர் தொழிலாளரை விட்டு அகலவில்லை. இரயில்வே, டிராம்வே முதலிய துறைத் தொழிலாளர் இயக்கங்களுக்கும் அவர்தம் துணை தொடர்ந்து கிடைத்தது.

1920இல் தொடங்கிய நவசக்தி இதழ் அவர்தம் எழுத்துத் தொண்டிற்கு நெடுங்காலம் களமாயிற்று. வேலைநிறுத்தம் நிகழ்ந்த ஆண்டிலேயே மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் என்னும் நூல் வெளிவந்தது. மனைவியார் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின் 1927இல் பெண்ணின் பெருமை வெளிவந்தது. வாழ்க்கைத்துணை என்னும் மறுபெயரும் அந்நூலுக்கு உண்டு. பெண்ணை அடிமையாகக் கருதும் மனப்பான்மையைக் கடிந்து, இல்லறத்தில் இருவரும் நிகரெனக் காட்டும் அந்நூலைத் தாம் வாழ்ந்த வாழ்விலிருந்தே அவர் எழுதினார் எனலாம். ஆலையில் உழைப்பவனுக்கு வேண்டிய மதிப்பும் வீட்டில் பெண்ணுக்கு வேண்டிய மதிப்பும் அவர் நோக்கில் வேறுவேறானவை அல்ல.

1947இல் பின்னி ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அறுபத்து நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த திரு.வி.க. அவர்கள் பக்கமே நின்றார். ஆங்கிலேய அரசு நாடுகடத்த எண்ணிய அவரை, நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டில் காங்கிரசு ஆட்சியே வீட்டுக்காவலில் வைத்தது. அக்கட்சியை வளர்க்கத் தமிழ்நாடெங்கும் நடந்தவர் அவர். 1925இல் காஞ்சிபுரத்தில் கூடிய அதன் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். எனினும், ஆட்சியில் இருப்போர் தம் பழைய தோழர் என்பதற்காகத் தொழிலாளரைக் கைவிட அவர் ஒருப்படவில்லை.

முதுமையில் கண்ணொளி மங்கியது. பின்னர் முற்றும் அவிந்தது. படுக்கையில் கிடந்தும் பாடல்களைச் சொல்லிப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். முதுமை உளறல், படுக்கைப் பிதற்றல் என்று அந்நூல்களுக்கு அவர் இட்ட பெயர்களில் புலவர்க்குரிய செருக்குச் சிறிதும் இல்லை. 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார்.

பெற்ற மக்களை வளர்த்து மகிழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும், பெரம்பூர் ஆலைவாயிலில் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் தொழிலாளர் குடும்பங்களின் இன்ப துன்பங்களைத் தம்முடையனவாகக் கொண்டு வாழ்ந்தார். பிறர் உழைப்பால் உண்டு உடுத்து வாழும் நாம் யாவரும் அவரை நன்றியுடன் நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம்.