27 வயசு வரை வான்காவுக்கே தெரியாது!

வின்சென்ட் வான்கான்னா சூரியகாந்திப் பூவும், அறுபட்ட காதும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனா, மனுஷன் 27 வயசு வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தார் தெரியுமா? வேலை மாத்தி வேலை பார்த்துட்டிருந்தார்!

1853-ல் நெதர்லாந்தில், ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். பெரியப்பா பங்குதாரராக இருந்த கூபில் என்ற ஓவிய விற்பனை நிறுவனத்தில் 16 வயதிலேயே சேர்த்துவிட்டார்கள். ஹேக், லண்டன், பாரிஸ் எனச் சுற்றியும் மனசு ஒட்டவில்லை. 1876-ல் வேலை போனது. அப்புறம் இங்கிலாந்தில் சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் கொடுத்த வாத்தியார் வேலை, சொந்த நாட்டில் ஒரு புத்தகக் கடை. சரி, அப்பா மாதிரி பாதிரியார் ஆகிடலாம்னு ஆம்ஸ்டர்டாம் போனால், கிரேக்கமும் லத்தீனும் மண்டையில் ஏறவில்லை.

அடுத்து பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான போரினாஜ். பிரசங்கம் செய்யப் போனவர், தன் துணிமணிகளைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிட்டு குடிசையில் வைக்கோல் மேல் படுத்தார். இவ்வளவு தூரம் போவது திருச்சபைக்குப் பிடிக்கவில்லை. 1879-ல் அந்த வேலையும் காலி.

கடிதம் எழுதும்போது கூடவே சின்னதா ஒரு படம் போடுவது அவருக்குப் பழைய பழக்கம். போரினாஜில் சுரங்கத் தொழிலாளிகளை வரைய ஆரம்பித்தவர், 1880-ல் இனி ஓவியம்தான்னு முடிவெடுத்தார்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். முடிவெடுத்ததும் மேதை ஆகிடலை. ஆரம்பத்தில் வரைந்த உருவங்கள் விறைப்பா, கை கால் அளவு பொருந்தாம இருக்கும். பிறவித் திறமைன்னு அதைப் பார்த்து யாரும் சொல்லிட முடியாது. ஷார்ல் பார்க் என்பவரின் ஓவியப் பயிற்சிப் பாடங்களை ஸ்கூல் பையன் மாதிரி திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். மில்லே வரைந்த விவசாயிகளையும் விடவில்லை. செலவுக்குப் பணம் அனுப்பியது தம்பி தியோ. அவருக்கு வேலை, அண்ணனை அனுப்பிவிட்ட அதே கூபிலில்!

ஒரு குளிர்காலம் முழுக்க விவசாயிகளின் முகங்களாக வரைந்து தள்ளிய பிறகு, 1885-ல் வந்தது 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. அதையும் ஓவிய நண்பர் ராப்பார்ட் கிழிகிழின்னு கிழிக்க, நட்பே முறிந்தது. வான்கா நிறுத்தலை. பாரிஸில் வண்ணங்களைப் பிடித்தார். ஆர்லில் வெயிலைப் பிடித்தார். மனநலம் கெட்டு மருத்துவமனையில் இருந்தபோதும் தூரிகையை விடலை.

10 வருஷத்தில் 800-க்கும் அதிகமான எண்ணெய் ஓவியங்கள். 1890 ஜூலையில் இறந்தபோது வயது 37. அந்த வருஷம்தான் அவருடைய 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 ஃபிராங்குக்கு விற்றிருந்தது. வாங்கிய அன்னா போக்கும் ஓர் ஓவியர்தான்.