வாசல் அமைத்துத் தந்த கேரி கில்டால்

கம்ப்யூட்டர் என்றதும் நமக்கெல்லாம் பில் கேட்ஸ் பெயர்தான் ஞாபகம் வரும். அவருடைய டாஸ் வருவதற்கு முன்பே அந்த இடத்தில் இருந்தவர் கேரி கில்டால்.

1942 மே 19-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். மாலுமிகளுக்குப் பாடம் நடத்தும் பள்ளி வைத்திருந்த குடும்பம். 1972-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மான்டரே ஊர்க் கடற்படைக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தார்.

1974-ல் இன்டெல்லின் 8 பிட் சிப்புக்காக சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார். அப்போது ஒவ்வொரு கம்பெனியின் மெஷினும் ஒவ்வொரு மாதிரி. மெஷினுக்கு ஏற்ப மாறும் பகுதியைக் கில்டால் தனியாகப் பிரித்தார். அதற்கு 'பயாஸ்' என்று பெயர் வைத்தார். புரோகிராம்கள் வந்து வேலை கேட்கும் வாசலை மட்டும் 5-ம் முகவரியில் நிலையாக வைத்தார். எழுத்தைத் திரையில் காட்ட 2, ஃபைலைத் திறக்க 15 என்று வேலைக்கு ஒரு நம்பர். மெஷின் எதுவானாலும் புரோகிராம் ஓடும்!

1978-ல் 16 பிட் 8086 சிப் வந்தது. கில்டாலின் சிபி/எம்-86 அதே நம்பர்களைக் காப்பாற்றியது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸும் அந்த நம்பர்களையே எடுத்துக்கொண்டது. 5-ம் முகவரி வாசலையும் வைத்திருந்தது. பழைய புரோகிராம்களைச் சுலபமாகக் கொண்டு வரத்தான்! டாஸ் விலை 40 டாலர், சிபி/எம்-86 விலை 240 டாலர். ஜனங்கள் எதை வாங்குவார்கள்? கில்டால் வைத்த வாசல் வழியாகவே அவருடைய வாடிக்கையாளர்கள் அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க.

அடுத்து 1982-ல் வந்த 80286 சிப்பில் இரண்டு மோடு. ரியல் மோடில் செக்மென்ட் நம்பர் மெமரியின் இடத்தையே காட்டும். புரொடெக்டட் மோடில் அது ஒரு அட்டவணையின் வரிசை எண் மட்டும்தான். அதனால் பழைய டாஸ் புரோகிராம்கள் அங்கே தடுக்கி விழுந்தன. 1985-ல் கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனி, கன்கரண்ட் டாஸ் 286 மூலம் அவற்றை ஓட வைக்க முயன்றது. ஆரம்ப கால சிப்புகள் கைகொடுக்கவில்லை. பிறகு 80386 சிப்பில், பழைய புரோகிராம்களுக்கென்றே விர்ச்சுவல் 8086 மோடு வந்த பிறகுதான் வழி பிறந்தது.

1991-ல் கம்பெனி நோவெல் கைக்குப் போச்சு. 1994 ஜூலை 11-ல், 52 வயதில் கில்டால் மறைந்தார்.

ஆனால் அவர் வைத்த வழக்கம் போகவில்லை. டிரைவுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைப்பது சிபி/எம் வழியாக டாஸுக்கு வந்து, இன்றும் விண்டோஸில் இருக்கிறது.

நண்பர்களே! நாளைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பழைய மெஷினுக்குப் புது கன்ட்ரோலர் போடும் வேலை நமக்கு வரலாம். புது போர்டு மாட்டுவது பெரிசில்லை. பழைய புரோகிராம் அதில் ஓடணும். அன்றைக்குக் கில்டாலை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்!

– இரண்டாமாண்டு, கணினிப் பொறியியல்