தீயணைப்புப் படையின் தந்தை ஜேம்ஸ் பிரெய்ட்வுட்



ஓசை எழுப்பியபடி சிவப்பு நிறத் தீயணைப்பு வண்டி விரைந்து வரும்போது நாம் ஒதுங்கி வழிவிடுகிறோம். எவர் வீடோ எரிகிறது. முன்பின் அறியாத மனிதர்கள் அதை அணைக்கத் தம் உயிரைத் துச்சமாக எண்ணி ஓடுகிறார்கள். இப்படி ஓடுவதற்கென்றே பயிற்சி பெற்ற படை ஒன்று ஊருக்கு ஊர் வேண்டும் என்ற எண்ணம் உலகில் எளிதாக வந்துவிடவில்லை. அந்தப் பணிக்கு ஒழுங்கும் முறையும் வகுத்தவர்களுள் முன்நிற்பவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்.

1666-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. அதன் பின்னரே தீ விபத்துக்கான இன்சூரன்ஸ் கம்பெனிகள் அங்கே தோன்றின. கம்பெனிகள் தாங்கள் பொறுப்பேற்ற வீடுகளின் சுவரில் உலோகச் சின்னம் ஒன்றைப் பதித்தன. தீயணைக்கத் தமக்கென ஆட்களையும் வைத்துக்கொண்டன. ஊர் முழுவதற்கும் பொதுவான படையோ, முறையான பயிற்சியோ இல்லை.

பிரெய்ட்வுட் 1800-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். பெரிய குடும்பம், அவர் பத்தாவது குழந்தை. தந்தையார் மரச்சாமான்கள் செய்பவர். பள்ளிப் படிப்பை முடித்த மகனும் தந்தையின் தொழிலில் இறங்கினார். கட்டடக் கலையையும் கற்றார். மரம் எப்படிப் பற்றும், சுவர் எப்படிச் சாயும், தளத்தை எது தாங்குகிறது என்பதையெல்லாம் இளமையிலேயே அறிந்துகொண்டார். அந்த அறிவே பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

1824-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரம், பிரிட்டனிலேயே முதலாவது என்று சொல்லத்தக்க நகராட்சித் தீயணைப்புப் படையை அமைத்தது. அதன் தலைவராக பிரெய்ட்வுட் நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 24 தான். படை அமைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆட்களுக்குப் பயிற்சி கூட முடியவில்லை. நவம்பர் 15-ஆம் நாள் இரவு நகரின் பழைய பகுதியில் பெருந்தீ மூண்டது. குறுகலான சந்துகள், நெருக்கமாக எழுந்த பல மாடி வீடுகள், போதாக்குறைக்குக் காற்று வேறு. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. சிலர் உயிரையும் இழந்தனர்.

அந்த நாட்களில் அதிகாரம் படைத்தவர் பலரும் தீ எரியும் இடத்துக்கு வந்து ஆளுக்கொரு கட்டளை இட்டனர். எதைக் கேட்பது என்று தெரியாமல் ஆட்கள் திகைத்தனர். இதிலிருந்து நகரம் ஒரு பாடம் கற்றது. தீ விபத்து நடக்கும் இடத்தில் கட்டளையிடும் உரிமை படைத்தலைவர் ஒருவருக்கே உரியது என்று முடிவாயிற்று.

பழியைக் கேட்டு மனம் சோர்ந்துவிடாமல் பிரெய்ட்வுட் தம் வேலையைத் தொடங்கினார். கூரை வேய்வோர், தச்சர், கொத்தர், கொல்லர் எனக் கட்டட வேலை தெரிந்தவர்களையே படையில் சேர்த்தார். ஊர் உறங்கும் நேரத்தில் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். இருட்டில் வேலை செய்யப் பழகியவனே இரவில் எரியும் வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பான் அல்லவா?

அதற்கு முன்பெல்லாம் தெருவில் நின்றபடி சன்னல் வழியாகப் புகையை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். பெரும்பாலான தண்ணீர் வீணாகும். தீயோ உள்ளே வளரும். பிரெய்ட்வுட் இந்த வழக்கத்தை மாற்றினார். வீட்டுக்குள் நுழைந்து, தீயின் இருப்பிடத்தைக் கண்டு, எரியும் பொருளின் மேலேயே தண்ணீர் விழச் செய்ய வேண்டும் என்று கற்பித்தார். புகை மேலே எழும். தரையை ஒட்டியே நல்ல காற்று இருக்கும். ஆகவே முழங்காலிட்டுத் தவழ்ந்து செல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். இவற்றையெல்லாம் தொகுத்து 1830-இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

பிறருக்குச் சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. ஒருமுறை இரும்புச் சாமான் கடை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வெடிமருந்துப் பீப்பாய்கள் இருப்பது தெரிய வந்தது. பிறரை அனுப்பாமல் பிரெய்ட்வுட் தாமே உள்ளே சென்று, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பீப்பாய்களைச் சுமந்து வந்தார்.

அவருடைய புகழ் லண்டனை எட்டியது. அங்கே பத்து இன்சூரன்ஸ் கம்பெனிகள் தம் ஆட்களை ஒன்று சேர்த்து, 1833-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் 80 பேர் கொண்ட ஒரே படையாக்கின. அதன் தலைமை பிரெய்ட்வுட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படியவும், இரவு பகல் பாராமல் விழித்திருக்கவும் பழகியவர்கள் என்பதால் இங்கே அவர் மாலுமிகளை விரும்பிச் சேர்த்தார்.

அடுத்த ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. முற்காலத்தில் அரசாங்கக் கணக்குகளை மரக்குச்சிகளில் வெட்டுக்கோடு இட்டுக் குறிப்பது வழக்கம். பயனற்றுப் போன அந்தக் குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தனர். அளவுக்கு மீறிய வெப்பத்தால் புகைபோக்கி வழியே தீ பரவியது. மாலையில் இரு சபைகளும் எரிந்தன. அந்தக் கட்டடம் எந்தக் கம்பெனியிலும் இன்சூர் செய்யப்பட்டதன்று. படைக்கு அங்கே செல்லும் கடமையே இல்லை. ஆயினும் பிரெய்ட்வுட் தம் ஆட்களோடு விரைந்தார். பக்கத்தில் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் இருந்தது. அதன் கூரை முழுவதும் மரம். இயந்திரங்களை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுசென்று கூரையை நனைத்தனர். காற்றும் திசை மாறிக் கைகொடுத்தது. மண்டபம் தப்பியது. இன்றும் அது நிமிர்ந்து நிற்கிறது.

ஏறக்குறைய 28 ஆண்டுகள் லண்டனைக் காத்த அந்த மாவீரருக்கு நீங்காத கவலை ஒன்று இருந்தது. தேம்ஸ் நதிக்கரையில் எழுந்து நின்ற பிரம்மாண்டமான கிடங்குகளே அந்தக் கவலைக்குக் காரணம். அவற்றில் தீப்பிடித்தால் தம் படையால் அடக்க இயலாது என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஓர் அறையின் தீ மறு அறைக்குப் பரவாமல் தடுக்க இரும்புக் கதவுகள் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

1861 ஜூன் 22, சனிக்கிழமை. டூலி தெருவிலுள்ள கிடங்கில் தீப்பிடித்தது. உள்ளே சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை, வெடியுப்பு எனப் பற்றி எரியும் பொருள்கள் மலைபோல் குவிந்திருந்தன. இரும்புக் கதவுகள் இருந்தன. ஆனால் அவை மூடப்படாமல் திறந்தே கிடந்தன! தீ தடையின்றிப் பரவியது. மாலை ஏழரை மணி அளவில், அனலில் களைத்துப்போன தம் ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்து ஊக்கமூட்டியபடி நின்றிருந்தார் பிரெய்ட்வுட். திடீரெனக் கிடங்கின் சுவர் சரிந்தது. அவரும் படையைச் சேர்ந்த மற்றொருவரும் அதனடியில் புதையுண்டனர். அப்போது அவருக்கு வயது 60.

தீ முற்றிலும் அணைய இரண்டு வாரங்கள் ஆயின. அவருடைய இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம் இருந்தது. வழியெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன. நகர ஆலயங்களின் மணிகள் துக்க ஒலி எழுப்பின. பெருநஷ்டமடைந்த கம்பெனிகள், தீயணைக்கும் பொறுப்பை இனி அரசே ஏற்க வேண்டும் என்றன. 1865-இல் சட்டம் பிறந்தது. 1866-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து லண்டன் மக்கள் அனைவருக்கும் பொதுவான தீயணைப்புப் படை பணியாற்றத் தொடங்கியது. எடின்பரோ நகரமும் தன் மைந்தனை மறக்கவில்லை. 2008-இல் அங்கே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

தோழியரே! எத்தனையோ தீயை வென்றவரை வீழ்த்தியது எது? மூடாமல் விட்ட கதவுகள் அல்லவா? அவற்றை மூட வீரம் தேவையில்லை, வலிமையும் தேவையில்லை. தம் கடமை அது என்று ஒருவர் நினைத்திருந்தால் போதும். சமைத்து முடித்ததும் கேஸ் அடுப்பை மூடுவதும், ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டு வெளியேறுவதும், மாடிப்படியில் பெஞ்சுகளை அடுக்காமல் வழிவிடுவதும், தீ ஒத்திகையின்போது சிரித்துப் பேசாமல் வரிசையில் நடப்பதும் நமக்குச் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். நாம் அவற்றைத் தவறாமல் செய்தால், நமக்காக நெருப்புக்குள் நுழையும் யாரோ ஒருவர் அன்று மாலை பத்திரமாக வீடு திரும்புவார். அவருக்காகவும் ஒரு வீடு காத்திருக்கிறது அல்லவா?